என் வாசலை நானே மறித்தேனாம்!

போன வாரம் காலை நடை முடிந்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஜமா முழுக்க ஓய்வூதியக்காரர்கள். அதில் ஒருவர், பெயர் வேண்டாம், தன் கைபேசியை நீட்டினார். ஸ்கூட்டரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாக 500 ரூபாய் அபராதம் என்று குறுஞ்செய்தி.

"அன்னிக்கு நீங்க அந்த வீதிப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்ல. கட்டிட்டேன். எதுக்கு வம்பு?" என்றார். சுற்றியிருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

எதுக்கு வம்பு! இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் உலகத்தில் பாதி அலுவலகங்கள் நடக்கின்றன என்பது என் கட்சி. முப்பத்து நான்கு வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். மனு போட்டவர் இரண்டாம் முறை எழுதமாட்டார் என்ற தைரியத்தில்தான் முதல் பதிலை அனுப்புவோம். அவர் எழுதிவிட்டால்தான் கோப்பைத் திறப்போம். இது நம்மூர் வழக்கம் மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 2019-இல் லண்டன் போய் ஆறு மாதம் இருந்தபோது அந்த எண்ணம் மாறியது. அந்தக் கதையை அன்று நண்பர்களுக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் மாமனார் சொல்தா. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். என் அப்பா வேண்டாம் என்றவர். ஆகவே எங்கள் வீட்டில் எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். புதுச்சேரியில் இது அதிசயமில்லை, இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டுக் கதையும் இதுதான். என் மூத்த மகன் பாரீஸ் பக்கம் சில வருஷம் இருந்துவிட்டு, நம் பிள்ளைகள் பலரைப்போல, லண்டனுக்கு மாறிவிட்டான். மேற்கு லண்டனில் ஒரு வீடு. இரண்டு வீடுகள் ஒரே சுவரில் முதுகு ஒட்டி நிற்கும் மாதிரி. முன்னால் ஒரு கார் நிற்கச் சிமெண்டுத் தளம். அதை அங்கே டிரைவ்வே என்கிறார்கள்.

அந்தத் தளத்துக்குக் கார் ஏறுவதற்காக, வீட்டுக்கு முன்னால் மட்டும் நடைபாதையின் விளிம்பைச் சாலை மட்டத்துக்குத் தாழ்த்தியிருப்பார்கள். அந்தத் தாழ்ந்த விளிம்புக்கு எதிரே சாலையில் வண்டி நிறுத்துவது குற்றம். நியாயமான சட்டம். நீங்கள் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உங்கள் வாசலில் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்?

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மகனுடைய கம்பெனி கார் தளத்தில் நின்றது. அவன் சொந்தக் கார் அதற்குப் பின்னால், சாலையில், எங்கள் தாழ்ந்த விளிம்புக்கு எதிரே நின்றது. அதாவது என் மகனின் காரை என் மகனின் காரே மறித்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. காலை பத்து மணிக்கு நான் ஜன்னல் திரையை விலக்கியபோது, முன் கண்ணாடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. கவுன்சிலின் அபராத நோட்டீஸ். 110 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 55.

சாயங்காலம் மகன் வந்தான். பார்த்தான். பர்ஸிலிருந்து கார்டை எடுத்தான்.

"டேய், என்ன பண்றே?"

"கட்டிடறேன்ப்பா. 55 தானே."

"உன் வீட்டு வாசல்ல உன் காரை நிறுத்தினதுக்கா?"

"அப்பா, இங்க இதெல்லாம் பார்த்துட்டு இருந்தா வேலைக்குப் போக முடியாது. எதிர்த்து எழுதித் தோத்தா 110 ஆயிடும். அதுக்கும் மேல விட்டா ஒண்ணரை மடங்கு, 165. எதுக்குப்பா?"

லண்டனிலும் அதே சொல்!

எனக்கு வந்த கோபம் 55 பவுண்டுக்காக இல்லை. அந்தப் பாதி விலை இருக்கிறதே, அதற்காக. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி போடுகிறான் என்றால் சரக்கைத் தள்ள வேண்டும். அபராதத்தில் தள்ளுபடி எதற்கு? தப்புச் செய்தவனுக்கு அது சலுகைதான், ஒப்புக்கொள்கிறேன். சீக்கிரம் கட்டினால் அலுவலகத்துக்கும் வேலை மிச்சம். ஆனால் தப்பே செய்யாதவனுக்கு? அவன் கட்ட வேண்டியது பூஜ்யம். பூஜ்யத்தில் பாதி பூஜ்யம்தான். அவனிடம் போய், "நீ வாய் திறக்காமல் இருந்தால் 55, நியாயம் கேட்டால் 110 ஆகலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? சந்தையில் பேரம் என்பார்கள். அரசு முத்திரை குத்திய தாளில் பேரம் வரக் கூடாது.

கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "இந்த நோட்டீஸ் இனிமேல் என் கோப்பு" என்றேன். மருமகள் சிரித்துக்கொண்டே, "மாமாவுக்கு மறுபடியும் டியூட்டி வந்துடுச்சு" என்றாள்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். ஆங்கிலம் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. ஆபீஸ் ஆங்கிலம் வரும், ஆனால் அகராதி பக்கத்தில் வேண்டும். இதில் ஒரு லாபம் உண்டு. வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் சட்டத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். என்னைப்போல ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டுகிறவன் கடைசி வரி வரை போய்த்தான் ஆக வேண்டும். விலக்குகள் எல்லாம் கடைசி வரிகளில்தான் குடியிருக்கும்.

அந்தச் சட்டத்தின் பெயர் 2004-ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம். பிரிவு 86. முதல் உட்பிரிவு, தாழ்ந்த விளிம்புக்கு எதிரே நிறுத்தாதே என்கிறது. கீழே வரிசையாக விலக்குகள். அதில் இரண்டாவது விலக்கு நமக்கானது. குடியிருப்பு வீட்டுக்கு வெளியே, அந்த வீட்டில் குடியிருப்பவரே நிறுத்தினாலும், அவர் சம்மதத்தோடு வேறொருவர் நிறுத்தினாலும் குற்றமில்லை. ஒரு நிபந்தனை, அந்தச் சம்மதத்தைக் காசுக்கு விற்கக் கூடாது. இன்னொரு நிபந்தனை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான டிரைவ்வேயாக இருந்தால் இந்த விலக்கு செல்லாது. எவ்வளவு அழகாக யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். வாசலை மறைக்காதே என்பது வாசல்காரனைக் காப்பாற்றத்தான். அவனே சரி என்றால் யாருக்கு நஷ்டம்? சட்டம் எழுதியவன் புத்திசாலி. எழுதி முடித்த சட்டத்தை நடத்துகிறவனிடம்தான் சிக்கல்.

மகன் பெயரில் நான் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு, ஒரே பக்கம். இது எங்கள் வீடு, இது எங்கள் கார், பிரிவு 86-இல் இந்த விலக்கு இருக்கிறது, கவுன்சில் வரி ரசீது நகல் இணைப்பு. முடிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் கடிதத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். வண்டி தாழ்ந்த விளிம்புக்கு எதிரே நின்றதைப் புகைப்படம் காட்டுகிறது. சரக்கு ஏற்றி இறக்கியதற்கான அறிகுறி இல்லை. ஆகவே ரத்து செய்ய இயலாது. பாதித் தொகையைக் கட்ட இன்னும் 14 நாள் தருகிறோம்.

நாங்கள் எங்கே சரக்கைப் பற்றிச் சொன்னோம்? விலக்கு என்ற சொல்லே பதிலில் இல்லை. "கவனமாகப் பரிசீலித்தோம்" என்ற வரியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வரியை நானே ஆயிரம் தடவை தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பரிசீலிக்காதபோது எழுதும் வரி அது.

அடுத்த கட்டம் வண்டியின் உரிமையாளருக்கு வரும் நோட்டீஸ். இதுதான் இந்தக் கதையின் ருசியான இடம். கவுன்சில் வண்டிப் பதிவேட்டைப் பார்த்து, உரிமையாளர் யார், முகவரி என்ன என்று கண்டுபிடித்துத் தபால் அனுப்புகிறது. உறையின் மேல் இருந்தது எங்கள் கதவு எண். உள்ளே குற்றம் நடந்த இடமாக எழுதியிருந்ததும் அதே கதவு எண்ணுக்கு வெளியே. உறைக்குள்ளும் உறைக்கு வெளியேயும் ஒரே முகவரி! அதை அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு அனுப்பிய ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இந்த வீட்டுக்காரன் இந்த வீட்டு வாசலை மறித்தான் என்று இந்த வீட்டுக்காரனிடமே புகார் சொல்கிறோமே என்று ஒரு மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் கோப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

முறைப்படி மறுப்பு எழுத 28 நாள் அவகாசம். எழுதினேன். உறையின் நகலையும் இணைத்தேன். இந்தக் கடிதத்துக்கு 56 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நம் மறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். இப்படி ஒரு விதி நம் அலுவலகங்களுக்கு இருந்திருந்தால் நாங்கள் எத்தனை கோப்பை வேகமாக நகர்த்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பதாம் நாளை ஒட்டிப் பதில் வந்தது. இந்தத் தடவை விலக்கைப் பற்றிப் பேசியிருந்தார்கள். "இது பொதுவான டிரைவ்வே, ஆகவே விலக்கு இல்லை" என்று ஒரே வரி.

எங்கள் வீட்டுத் தளமும் பக்கத்து வீட்டுத் தளமும் அருகருகே. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர். சாலையோரத்தில் மட்டும் விளிம்பை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமாகத் தாழ்த்தியிருக்கிறார்கள். விளிம்பு ஒன்றாக இருப்பதால் வழியும் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரே திண்ணையில் இரண்டு கதவு இருந்தால் இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடுமா?

மருமகளின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மொத்தம் ஒன்பது மீட்டர். எங்கள் பக்கம் நாலரை. கார் நீளம் நாலு மீட்டரும் கொஞ்சமும். வால் பக்கம்கூட அடுத்த வீட்டுப் பகுதிக்குள் போகவில்லை. எழுபது வயதுக் கிழவன் குனிந்து சாலையை அளப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். குஜராத்தி, கென்யாவிலிருந்து அந்தக் காலத்தில் வந்தவர், என் வயதுதான். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், தன் வழிக்கும் எங்கள் வழிக்கும் சம்பந்தமில்லை என்று கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்தினம்தான் என் மனைவி அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்திருந்தாள். "காசுக்கு விற்ற சம்மதம்னு சொல்லிடப் போறாங்க" என்று மகன் கிண்டல் செய்தான். அதற்குள் அவனுக்கும் ருசி பிடித்துவிட்டது.

நிராகரிப்பு வந்த 28 நாளுக்குள் தனி நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். லண்டனுக்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கவுன்சிலே எடுத்த புகைப்படத்தில் அந்தச் செங்கல் சுவர் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒரு வட்டம் போட்டு, அளவு, கடிதம், உறை எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினோம்.

விசாரணைத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தகவல் வந்தது. கவுன்சில் இதை எதிர்த்து வாதாடப் போவதில்லை. அபராதம் ரத்து. நடுவர் தகுதிக்குள் போகாமலே மேல்முறையீடு ஏற்கப்பட்டது.

வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. கவுன்சில் பக்கம் நியாயம் இருந்திருந்தால் ஏன் வாதாடவில்லை? நியாயம் இல்லை என்றால் முதல் பதிலும் இரண்டாம் பதிலும் எதற்காக? நாலு மாதமாக அதே காகிதம், அதே படம், அதே சட்டம். மாறியது ஒன்றே ஒன்றுதான். கோப்பை மூன்றாம் ஆள் ஒருவர் படிக்கப் போகிறார் என்ற பயம் வந்தது. அந்தப் பயம் வந்த பிறகுதான் அவர்கள் தங்கள் கோப்பைத் தாங்களே படித்தார்கள். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. ஏன் தவறியது என்று ஒரு வரி இல்லை. நடுவர் தீர்ப்பு எழுதாததால் அடுத்த வீதிக்காரனுக்குக் காட்ட ஒரு முன்னுதாரணமும் இல்லை. நாளைக்கு அவன் வாசலிலும் மஞ்சள் உறை ஒட்டும். அவன் 55 கட்டிவிட்டுப் போவான்.

இங்கே ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் ஒட்டிய ஊழியர் மேல் எனக்குக் கோபமே இல்லை. மழையிலும் குளிரிலும் வீதி வீதியாக நடக்கிற மனிதர். இந்தக் கார் யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஒட்டியது சரி. தவறு நடந்தது மேசையில். எல்லாக் காகிதமும் கையில் வந்த பிறகு, உட்கார்ந்து படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மேசையில்.

எல்லாம் வருமானத்துக்காக என்றான் மகன். நான் அவ்வளவு எளிதாக நம்பவில்லை. அங்கே சாலையோர நிறுத்தத்தில் மிஞ்சும் பணத்தைப் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுக்கே போட வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வடக்கு லண்டனில் பார்னெட் கவுன்சில் குடியிருப்போரின் வண்டி நிறுத்தக் கட்டணத்தை ஏற்றியபோது, வருமானம் தேடுவதற்காகக் கட்டணத்தை ஏற்ற முடியாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதையும் ஒருவர் வழக்குப் போட்டதால்தான் தடுக்க முடிந்தது. சட்டம் இருக்கிறது. அதை எழுப்ப ஒரு ஆள் வேண்டும். எதுக்கு வம்பு என்று அவர் நினைத்திருந்தால் ஊர் முழுக்கக் கட்டியிருக்கும்.

வெற்றிச் செய்தியைப் பாரீஸ் பக்கம் இருக்கும் என் மச்சானுக்குப் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். "மச்சான், இங்கே வந்து அந்தக் காரை நிறுத்திப் பாருங்க" என்றார். உண்மைதான். பிரெஞ்சு சாலைச் சட்டத்தின் ஆர். 417-10 விதிப்படி, கார் போகும் வாசலுக்கு எதிரே நிறுத்தினால் 35 யூரோ அபராதம். வீட்டுக்காரனுக்கும்தான். தன் கராஜ் கதவுக்கு எதிரே நிறுத்திய ஒருவரைக் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. 2017 ஜூன் 20-இல் கூர் தெ கஸாசியோன் அதை ரத்து செய்தது. அந்த வழியை அவர் ஒருவரே பயன்படுத்தினாலும் விதி அவருக்கும் பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்பைப் பிரெஞ்சில் படித்தேன், அகராதி தேவைப்படவில்லை.

என்னைக் கேட்டால் பிரெஞ்சுக்காரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொது. வாசல் உன்னுடையது என்பதற்காகச் சாலையில் உனக்கென்று ஒரு இடம் ஒதுக்க முடியாது. ஆங்கிலேயன் வேறு மாதிரி நினைக்கிறான். காப்பது உன் வழியை, நீயே மறித்துக்கொண்டால் எனக்கென்ன என்கிறான். இரண்டும் சட்டம். இரண்டில் எது இருந்தாலும் நான் கட்டுப்படுவேன். பாரீஸில் நடந்திருந்தால் அந்த 35 யூரோவை மகனிடம் முணுமுணுக்காமல் கட்டச் சொல்லியிருப்பேன். நான் கேட்பது சலுகை இல்லை. எந்த நாட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கடைசி வரி வரை படித்து நடத்துங்கள் என்பதுதான். குடிமகன் முழுச் சட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும், அலுவலகம் முதல் வரியோடு நின்றுகொள்ளலாம் என்றால் எப்படி?

இதை இவ்வளவு ஆத்திரத்தோடு எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இதுவரை எங்கும் சொன்னதில்லை.

எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் மேசையில் இருந்தேன். மீனவக் குப்பத்திலிருந்து ஒரு விதவை அம்மா மனுக் கொடுத்தார். வயதுச் சான்று இல்லை. விதிப்படி சான்று வேண்டும். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, விதிகளில் இடமில்லை" என்று சைக்ளோஸ்டைல் தாளில் பெயரை நிரப்பி அனுப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருப்பார்கள். மறுபடி வரவில்லை. பதினோரு மாதம் கழித்து வேறொரு கோப்புக்காக அந்த அரசாணையைப் புரட்டியபோது, பின்னிணைப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. சான்று இல்லாதவர்களுக்கு மருத்துவ அதிகாரியின் வயது மதிப்பீடு போதும். அந்தப் பின்னிணைப்பு எட்டு வருஷமாக என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். புதிதாக மனு வாங்கி, ஒரு மாதத்தில் உத்தரவு போட வைத்தேன். ஆனால் தொகை புது மனுவின் தேதியிலிருந்துதான் கிடைத்தது. அந்தப் பதினோரு மாதத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அவருக்கு உதவி செய்துவிட்டேன் என்று நினைத்துக் கும்பிட்டார். நான் அதைத் திருத்தவில்லை. தவறு என்னுடையது அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் எழுதிக் கேட்பார், கோப்பு மேலே போகும், எதுக்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஆம், அந்தச் சொல்லை நானும் சொன்னவன்தான். லண்டனில் அந்தப் பதில் கடிதத்தைப் படித்தபோது, அதை எழுதிய குமாஸ்தா யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நான்தான். அவருக்கும் ஒரு இழுப்பறை இருக்கும். அதில் பிரிவு 86 முழுசாக இருக்கும்.

இனி நம்மூருக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். லண்டன் கவுன்சிலைத் திட்டிவிட்டேன் என்று நாம் சந்தோஷப்பட வேண்டாம். நம் வீதிகளைப் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் சாலையில் இரண்டு பூந்தொட்டி, ஒரு உரல், சங்கிலி போட்ட இரண்டு கம்பம். "இங்கே வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்று பலகை. வாசலுக்கு எதிரே மட்டுமில்லை, சுவர் நீளம் முழுவதும். இதற்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அனுமதி தந்தது? கட்டட வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று நம் நாட்டு விதியிலும் இருக்கிறது. அது வாசலுக்குத்தான். சுவருக்கு இல்லை. சட்டம் கொடுத்ததை அலுவலகம் மறைக்கக் கூடாது என்று சண்டை போட்ட அதே வாய், சட்டம் கொடுக்காததை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் வீட்டு வாசலில் இருந்த இரண்டு அரளித் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். மனைவிக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

அபராதமோ வரியோ, எந்தத் தாள் வந்தாலும் ஒரு பழைய குமாஸ்தா சொல்வதைக் கேளுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள், எத்தனை நாள் அவகாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு என்று பார்த்து அந்தப் பிரிவை முழுசாகப் படியுங்கள், முடியாவிட்டால் பேரனைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் எழுதுங்கள், ஆத்திரத்தை எழுதாதீர்கள், ஆத்திரத்துக்கு இணைப்பு எண் கிடையாது. நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதில் வந்ததும் சோர்ந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது உங்கள் கடிதத்தைப் படிக்காமல் எழுதியது. இரண்டாவது கடிதத்தில்தான் விஷயம் ஆரம்பம். உங்கள் மேல் தவறு இருந்தால் அன்றே கட்டிவிடுங்கள். அதுவும் படித்த பிறகு.

கடற்கரையில் கதையைக் கேட்டு முடித்த அந்த நண்பர் மறுநாள் காலை கைபேசியோடு வந்தார். பேரனிடம் சொல்லி அந்த அபராதத்தின் படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய ஸ்கூட்டர்தான். மீன் வாங்கப் போன மருமகன், போர்டுக்கு நேர் கீழேயே நிறுத்தியிருக்கிறான்.

"அபராதம் சரிதான்ப்பா" என்றார்.

"இப்பதான் நீங்க கட்டினீங்க" என்றேன். "அன்னிக்கு சும்மா பணத்தைக் கொடுத்தீங்க."